சிஆர்பி கொஞ்சம் கூட இருக்கு, உடம்பு இன்னும் சரியாகல: இந்த ரிப்போர்ட்ட எப்படி படிக்கிறது?

உங்க கேள்வி நீளமா இருந்தாலும் அதுக்குள்ள இருக்கறது ரெண்டே கேள்விதான்னு எனக்குத் தோணுது. வயசு 38, கோவிட் வந்து 7 மாசம் ஆச்சு, ஆஸ்பத்திரில சேர்ற அளவுக்கு போகல, ஆனா அதுக்கப்புறம் களைப்பு விட்டபாடில்ல, ஒரு நாள் கொஞ்சம் கூடுதலா வேலை செஞ்சா மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ படுத்தே ஆகவேண்டியிருக்கு, எழுந்து நின்னா படபடப்பு, எதையும் யோசிக்க முடியாம மண்டை மந்தமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. தொற்று போயும் இப்படி மாசக்கணக்கா விடாம இருக்கறதத்தான் லாங் கோவிட்னு சொல்றாங்க. ரிப்போர்ட்ல இன்ஃப்ளமேஷன, அதாவது அழற்சிய, காட்டற சிஆர்பி 6.8, இஎஸ்ஆர் 22, ஃபெரிட்டின் 14, ஹீமோகுளோபின் 12.1, டி-டைமர் நார்மல். ஒரு டாக்டர் "பெருசா ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மனசுதான்"னு அனுப்பிட்டார், இன்னொருத்தர் "உள்ள இன்ஃப்ளமேஷன் ஓடிட்டு இருக்கு"ன்னு ஸ்டீராய்டு எழுதிக் குடுத்துட்டார், நீங்க மாத்திரைய வாங்கி வெச்சிட்டு ஐஎல்-6 டெஸ்ட்டும் எடுத்துப் பாத்துட்டு போடலாமான்னு கேக்கறீங்க. அதாவது முதல் கேள்வி, இந்த நம்பருங்க என் வியாதிய நிரூபிக்குதா இல்லையா. ரெண்டாவது, ரெண்டு டாக்டர்ல யார் சொல்றது சரி. சுருக்கமா சொல்லணும்னா ரெண்டு பேருமே அந்த பேப்பர்ல இல்லாத ஒரு விஷயத்த அதுல இருந்து படிச்சிருக்காங்க, அதுல இருக்கற ஒரு முக்கியமான நம்பர ரெண்டு பேருமே பாக்கல. அது எதுன்னு கீழ வர்றேன்.

நான் லேப் பக்கம் இருக்கற டாக்டர். ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டு அனுப்பறதும், வார்டுல இருந்து "இந்த வேல்யூவுக்கு என்ன அர்த்தம்"னு ஃபோன் பண்ணா பதில் சொல்றதும்தான் என் வேலை. தினமும் ஓபில உக்காந்து பேஷன்ட் பாக்கற ஆள் இல்ல, உங்கள தொட்டுப் பாத்ததும் இல்ல, அதனால நான் சொல்றது அந்த நம்பருங்கள பத்தி மட்டும்தான், வைத்தியத்த நேர்ல பாக்கறவங்கதான் முடிவு பண்ணணும்.

முதல்ல சிஆர்பி. 1930ல ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்ல டில்லெட், ஃபிரான்சிஸ்னு ரெண்டு பேர் நிமோனியா வந்தவங்க ரத்தத்துல கண்டுபிடிச்ச புரோட்டீன் இது, நிமோகாக்கஸ் கிருமியோட சி பாலிசாக்கரைடுங்கற பொருளோட ஒட்டிக்கிட்டதால அந்தப் பேர். இதை உற்பத்தி பண்றது கல்லீரல், உற்பத்தி பண்ணச் சொல்லி உத்தரவு போடறது பெரும்பாலும் ஐஎல்-6ங்கற சைட்டோகைன், அதாவது நோய் எதிர்ப்பு செல்லுங்க மாதிரி செல்லுங்க சேதி சொல்ல சுரக்கற புரோட்டீன். பெரிய பாக்டீரியா இன்ஃபெக்ஷன்னா சில மணி நேரத்துல ஏற ஆரம்பிச்சு ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போகும், நூத்துக்கணக்கான மடங்கு கூட ஏறும், காரணம் அடங்கிட்டா சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியா குறைஞ்சுக்கிட்டே வரும். ஆக இது நேத்தும் இன்னைக்கும் என்ன நடந்துதுன்னு சொல்ற டெஸ்ட், 7 மாசம் முன்னாடி நடந்தத ஞாபகம் வெச்சிருக்கற டெஸ்ட் கிடையாது. இன்னொண்ணு, கல்லீரல் வரைக்கும் போய்ச் சேர்ற அளவுக்கு சத்தமான இன்ஃப்ளமேஷனத்தான் இது காட்டும். வீட்டுக்குள்ள ஒரு ரூம்ல ரெண்டு பேர் மெதுவா சண்டை போட்டா தெருவாசல்ல நிக்கறவனுக்கு கேக்காது, சிஆர்பி அந்த தெருவாசல்ல நிக்கற ஆள்.

இப்ப உங்க 6.8க்கு வருவோம். உங்க லேப் 5க்கு மேல போனாலே தடிச்ச எழுத்துல போட்டு பக்கத்துல ஒரு அம்புக்குறியும் போடுது, சில லேப் 10 வரைக்கும் நார்மல்னு விட்டுடும், அதே ரத்தம், அதே நம்பர், ஒரு இடத்துல பயமுறுத்தும் இன்னொரு இடத்துல சும்மா போயிடும். யூனிட்டையும் ஒரு தடவை பாத்துக்கங்க, மில்லிகிராம் பர் லிட்டரா, பர் டெசிலிட்டரான்னு, ரெண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். உங்க ரிப்போர்ட்ல லிமிட் 5ன்னு இருக்கறதால லிட்டர் கணக்காத்தான் இருக்கணும், ஆனா இந்தக் குழப்பத்துல "0.7ல இருந்து 7க்கு ஏறிடுச்சு"ன்னு பதறிப்போய் ஃபோன் பண்றவங்க நிறைய பேர். 5ல இருந்து 10 வரைக்கும் இருக்கற சிஆர்பிக்கு காரணம் கேட்டா ஒரு பக்கம் நிறையும்: உடம்பு எடை கூட இருந்தாலே இருக்கும், ஏன்னா கொழுப்புத் திசுவே ஐஎல்-6 சுரக்கும். சிகரெட், ஈறு வியாதி, சரியில்லாத தூக்கம், ஈஸ்ட்ரோஜன் இருக்கற கர்ப்பத்தடை மாத்திரை, முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி, போன வாரம் வந்துட்டுப் போன சாதாரண ஜலதோஷம், இதுல எது இருந்தாலும் இந்த அளவுக்கு ஏறும். இதெல்லாம் எதுவுமே இல்லாத ஆளுக்கும் ஒரு வாரத்துக்கும் இன்னொரு வாரத்துக்கும் நடுவுல 30, 40 சதவீதம் தானாவே ஆடும். அதனால இன்னைக்கு 6.8, அடுத்த மாசம் 4.6 வந்தா "குறைஞ்சிடுச்சு"ன்னு சந்தோஷப்படவோ 9 வந்தா "ஏறிடுச்சு"ன்னு அழவோ வேண்டியதில்ல, ரெண்டுமே அந்த ஆட்டத்துக்குள்ள அடங்கிடும்.

இஎஸ்ஆர் 22 பத்தி ரொம்ப பேச வேண்டியதில்ல. ரத்தத்த ஒரு குழாய்ல நிமித்தி வெச்சு ஒரு மணி நேரத்துல சிவப்பணு எவ்வளவு தூரம் இறங்குதுன்னு பாக்கற டெஸ்ட், நூறு வருஷம் தாண்டின பழைய முறை. ஃபைப்ரினோஜனும் இம்யூனோகுளோபுலினும் கூடினா வேகமா இறங்கும், ரத்தசோகை, கர்ப்பம், வயசு எல்லாமே இதை ஏத்தும். பெண்களுக்கு வயசோட 10 கூட்டி ரெண்டால வகுத்தா வர்றது தோராயமான மேல் எல்லைன்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, உங்களுக்கு அது 24 வருது, 22ங்கறது அதுக்குள்ளதான் இருக்கு. லேப் எல்லாருக்கும் ஒரே 20ன்னு அச்சடிச்சு வெச்சிருக்கறதால அம்புக்குறி விழுந்திருக்கு, அவ்வளவுதான்.

ரெண்டு டாக்டரும் பாக்காத நம்பர் ஃபெரிட்டின் 14. கோவிட் காலத்துல ஃபெரிட்டின்னாலே "ஏறியிருக்கா"ன்னு மட்டும் பாக்கற பழக்கம் எல்லாருக்கும் வந்துடுச்சு, சீரியஸா இருந்தவங்களுக்கு அது ஆயிரக்கணக்குல போனதால. ஆனா ஃபெரிட்டினோட அன்றாட வேலை இரும்புச்சத்த சேமிச்சு வைக்கறது. இன்ஃப்ளமேஷன் இருந்தா ஏறும், கல்லீரல்ல கொழுப்பு இருந்தா ஏறும், குடிப்பழக்கம் இருந்தா ஏறும், அதனால கூட இருக்கற ஃபெரிட்டினுக்கு பல அர்த்தம் உண்டு. குறைஞ்ச ஃபெரிட்டினுக்கு கிட்டத்தட்ட ஒரே அர்த்தம்தான், இரும்பு இருப்பு காலி. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்குப்படி ஆரோக்கியமான பெரியவங்களுக்கு 15க்கு கீழ போனா குறைபாடு, இன்ஃப்ளமேஷனோ இன்ஃபெக்ஷனோ இருக்கறவங்களுக்கு அந்த எல்லையே 70. ஸ்டீராய்டு எழுதினவர் சொல்றபடி உங்களுக்கு உண்மையிலேயே இன்ஃப்ளமேஷன் இருக்குன்னு வெச்சுக்கிட்டா உங்க 14 இன்னும் மோசமான 14, ஏன்னா இன்ஃப்ளமேஷன் தூக்கிப் பிடிச்சும் அது 14லதான் நிக்குது. ஹீமோகுளோபின் 12.1ங்கறதால யாரும் கண்டுக்கல, 12க்கு மேல இருந்தா ரத்தசோகை இல்லைன்னு கணக்கு, ஆனா ரத்தசோகை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருப்பு காலியாகி களைப்பு வந்துடும். ரத்தசோகை இல்லாம ஃபெரிட்டின் மட்டும் 50க்கு கீழ இருந்து களைப்பா இருந்த பெண்களுக்கு இரும்பு மாத்திரை குடுத்து, இன்னொரு குழுவுக்கு வெத்து மாத்திரை குடுத்து பாத்த ஒரு டிரையல் 2012ல வந்துச்சு, இரும்பு எடுத்தவங்களுக்கு களைப்பு கூடுதலாவே குறைஞ்சுது. படபடப்பு, மூச்சு வாங்கறது, கவனம் நிக்காம போறது எல்லாமே இரும்புக் குறைபாட்டுல வரும்.

இதுக்காக "உங்களுக்கு லாங் கோவிடே இல்ல, வெறும் இரும்புதான்"னு நான் சொல்ல வரல. வேலை செஞ்ச மறுநாள் விழுந்து போறதுன்னு நீங்க எழுதினது இரும்புக் குறைபாட்டோட மட்டும் சரியா பொருந்தல. ரெண்டும் ஒண்ணா இருக்கலாம். கேம்பிரிட்ஜ்ல இருந்து 2024ல வந்த ஒரு ஆராய்ச்சில, பின்னாடி நீண்ட நாள் அவதிப்பட்டவங்களுக்கு தொற்று வந்த முதல் ரெண்டு வாரத்துலேயே ரத்தத்துல இரும்பு குறைஞ்சு கிடந்து, அது மீளவும் தாமதமானதா காட்டியிருக்காங்க, ஆக ரெண்டுக்கும் நடுவுல ஏதோ தொடர்பு இருக்க வாய்ப்பிருக்கு. ஆனா இரும்பு குடுத்தா லாங் கோவிட் சரியாகும்னு அதுல இருந்து தாவிட முடியாது. நிச்சயமா சொல்ல முடிஞ்சது இவ்வளவுதான்: இது சரிபண்ணக்கூடிய ஒரு குறை, ஏன் குறைஞ்சுதுன்னு கேக்கணும், மாதவிடாய்ல ரத்தம் அதிகம் போகுதா, வயித்துல குடல்ல எங்கயாவது கசியுதான்னு. அதைக் கேக்காம மாத்திரைய மட்டும் எழுதினா பாதி வேலைதான் முடியும்.

டி-டைமர் நார்மல், நல்லது. அது ரத்தக்கட்டி கரையறப்ப வர்ற துண்டு, நார்மலா இருந்தா பெரிய கட்டி இருக்க வாய்ப்பு குறைவுன்னு சொல்ல உதவும், கொஞ்சம் ஏறியிருந்தா அதுக்கு பெருசா அர்த்தம் கிடையாது.

சரி, இப்ப பெரிய கேள்வி. இந்த மார்க்கருங்கள வெச்சு ஒருத்தருக்கு லாங் கோவிட் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியுமா? முடியாது. இது கருத்து இல்ல, நல்லா அளந்து பாத்த விஷயம். அமெரிக்காவுல ரெகவர்னு அரசாங்கமே நடத்தற பெரிய ஆராய்ச்சி இருக்கு, அதுல 10,000க்கு மேல ஆளுங்கள எடுத்து 25 சாதாரண லேப் டெஸ்ட் செஞ்சு 2024ல வெளியிட்டாங்க, தொற்று வந்து நல்லாயிட்டவங்களையும் நல்லாகாதவங்களையும் பிரிச்சுக் காட்டற டெஸ்ட் அதுல ஒண்ணு கூட தேறல. அதுக்கு முன்னாடி 2022லயே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல 189 கோவிட் வந்தவங்களையும் 120 வராதவங்களையும் வெச்சு ரொம்ப ஆழமா பரிசோதிச்சாங்க, அறிகுறி இருக்கறவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் நடுவுல லேப்ல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் கிடைக்கல. அதனாலதான் 2021 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனம் இதுக்கு வரையறை எழுதினப்ப அதுல எந்த ரத்தப் பரிசோதனையும் சேக்கல, தொற்று வந்து வழக்கமா 3 மாசத்துக்கு அப்புறமும் இருக்கணும், குறைஞ்சது 2 மாசம் நீடிச்சிருக்கணும், வேற வியாதியால விளக்க முடியாததா இருக்கணும், அவ்வளவுதான். அந்தக் கடைசி நிபந்தனைய கவனிங்க. வேற வியாதி இருக்கான்னு தேடறதுக்குத்தான் சிஆர்பியும் இஎஸ்ஆரும் ஃபெரிட்டினும் எடுக்கறோம், லாங் கோவிட்ட பிடிக்கறதுக்கு இல்ல. முதல் டாக்டர் "நார்மல்"னு சொன்னது வேற வியாதிக்கான அறிகுறி பெருசா இல்லைங்கற அளவுக்கு ஓரளவு சரி, அங்க இருந்து ஒரே தாவா தாவி "மனசு"ங்கறதுக்கு போனாரே, அதுக்கு அந்த பேப்பர்ல ஆதாரம் எதுவும் இல்ல.

அப்ப உள்ள இன்ஃப்ளமேஷனே இல்லையான்னா, இருக்குன்னு சொல்ற ஆராய்ச்சியும் இருக்கு, நல்ல தரமானதும் இருக்கு, இங்கதான் கொஞ்சம் நிதானமா பாக்கணும். சிட்னில தொற்று வந்து 8 மாசம் ஆனவங்கள பாத்து 2022ல வந்த ஆய்வுல, பெரும்பாலும் வீட்டுலயே சமாளிச்ச ஆளுங்கதான் அவங்க, அறிகுறி விடாதவங்களுக்கு வைரஸ எதிர்க்க உடம்பு சுரக்கற இன்டர்ஃபெரான்ல பீட்டா, லாம்டா 1 ரெண்டும் இன்னும் கூடவே இருந்துச்சு. அதே குழு 2 வருஷம் கழிச்சு பாத்தப்ப பெரும்பாலானவங்களுக்கு அந்த மாத்தங்க அடங்கியிருந்துச்சு, இது உங்களுக்கு கொஞ்சம் தெம்பு தர்ற சேதி. ஜெர்மனில இருந்து அதே 2022ல ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-6, டிஎன்எஃப்ங்கற மூணு சைட்டோகைனும் சேர்ந்து கூட இருக்குன்னு ஒரு ஆய்வு. பிரிட்டன்ல ஆஸ்பத்திரில சேர்ந்து திரும்பின 650க்கு மேற்பட்டவங்கள வெச்சு 2024ல வந்த ஆய்வுல மைலாய்டு செல் (வெள்ளையணுல ஒரு வகை) சம்பந்தப்பட்ட இன்ஃப்ளமேஷனும் காம்ப்ளிமென்ட் சிஸ்டம் (கிருமிய அழிக்க உதவற ரத்தப் புரோட்டீனுங்க) தூண்டப்பட்டதும் தெரிஞ்சுது, அதுவும் எல்லா அறிகுறிக்கும் ஒரே மாதிரி இல்ல, எந்த அறிகுறிங்கறத பொறுத்து மார்க்கரும் மாறுது. சூரிக்ல இருந்தும் அதே வருஷம் காம்ப்ளிமென்ட் தாறுமாறா இருக்கறத பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு. ஆக "எதுவுமே இல்ல"ன்னு சொல்றவங்க இதையெல்லாம் படிக்கல.

ஆனா இதைப் படிச்சிட்டு "அப்ப எனக்கும் எடுத்துப் பாக்கறேன்"னு கிளம்பறதுலதான் சிக்கல். அந்த ஆராய்ச்சி எல்லாம் ஒரு குழுவோட சராசரிய இன்னொரு குழுவோட சராசரியோட ஒப்பிட்டது. ரெண்டு குழுவுலயும் ஆளாளுக்கு நம்பர் பரவிக் கிடக்கும், பெரும்பகுதி ஒண்ணு மேல ஒண்ணு விழும், அதனால நடுவுல இருக்கற ஒரு நம்பர நீட்டி "இது யாரோடது, நல்லாயிட்டவரா நல்லாகாதவரா"ன்னு கேட்டா அந்த ஆராய்ச்சிய செஞ்சவங்களாலயே சொல்ல முடியாது. அதோட ஆஸ்பத்திரில சேர்ந்து ஆக்சிஜன் வெச்சவங்ககிட்ட கிடைச்ச முடிவ, வீட்டுல 5 நாள் காய்ச்சலோட முடிஞ்ச உங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது, அவங்களுக்கு நுரையீரலே காயப்பட்டு ஆறிட்டு இருக்கும். இன்னொரு கோணமும் உண்டு. ஆம்ஸ்டர்டாம்ல 25 நோயாளிங்களுக்கு கடுமையா சைக்கிள் மிதிக்க வெச்சு, அதுக்கு முன்னாடியும் மறுநாளும் தொடை தசைய கொஞ்சம் எடுத்து பாத்தாங்க, 2024ல வெளியாச்சு, தசைக்குள்ள சேதமும் எனர்ஜி உற்பத்தில கோளாறும் இருந்துச்சு, உழைப்புக்கு அப்புறம் இன்னும் மோசமாச்சு. பிரச்சன திசுவுக்குள்ள இருக்கறப்ப கையில குத்தி எடுக்கற ரத்தத்துல எல்லாம் தெரிஞ்சே ஆகணும்னு ஒரு சட்டமும் இல்ல.

இது கோவிட்டோட பிறந்த கதையும் இல்ல. ஆஸ்திரேலியாவுல டப்போங்கற ஊர்ல 253 பேர, எப்ஸ்டீன் பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், கியூ ஃபீவர் இந்த மூணுல ஒண்ணு வந்தவங்கள, தொற்று வந்த நாள்ல இருந்து விடாம பின்தொடர்ந்து 2006ல வெளியிட்டாங்க. 6 மாசத்துல சுமார் 12 சதவீதம் பேருக்கு களைப்பு விடல, மூணு கிருமியும் வேற வேற ரகமா இருந்தும் (கியூ ஃபீவர் வைரஸே கிடையாது, பாக்டீரியா) பின்னாடி வந்த தொல்லை ஒரே மாதிரி இருந்துச்சு. யாருக்கு விடாம நீடிச்சுதுன்னு பாத்தா ஆரம்பத்துல வியாதி எவ்வளவு கடுமையா இருந்துதுங்கறதுதான் முன்கூட்டி சொன்னுச்சு, மனநிலை பத்தின அளவுகள் சொல்லல. அந்தக் குழுவுலயே சைட்டோகைன் அளந்து 2007ல எழுதினப்ப விடாதவங்களுக்கும் விட்டவங்களுக்கும் வித்தியாசம் கிடைக்கல. இத்தன வருஷம் கழிச்சு, இன்னும் நுட்பமான மெஷின் எல்லாம் வந்தும், நாம அதே இடத்துக்கு பக்கத்துலதான் சுத்திட்டு இருக்கோம். சிக்குன்குனியாலயும் இப்படித்தான், மாசக்கணக்கா மூட்டு வலி இருக்கும், சிஆர்பி நார்மலா இருக்கறவங்களும் நிறைய பேர். அங்க மட்டும் ஒரு கூடுதல் ஜாக்கிரதை, மூட்டு உண்மையிலேயே வீங்கி, காலைல ஒரு மணி நேரம் விறைப்பு இருந்து சிஆர்பியும் தொடர்ந்து கூட இருந்தா முடக்குவாதமான்னு பாக்க ஆன்டி-சிசிபி எடுக்கணும், எல்லாத்தையும் வைரஸ் தலைல கட்டிட்டு விட்டுடக்கூடாது.

ஐஎல்-6 டெஸ்ட் எடுக்கலாமான்னு கேட்டீங்க. எடுக்காதீங்க, லேப்ல இருக்கற ஆளே சொல்றேன். ரத்தத்துல ரொம்ப நேரம் நிக்காத பொருள் அது, நாளோட நேரத்துக்குத் தக்க மாறும், சரியா தூங்கலன்னா மாறும், டெஸ்ட்டுக்கு மாடிப்படி ஏறி ஓடி வந்தா கூட ஆடலாம், எடுத்த ரத்தத்த உடனே பிரிக்காம ரெண்டு மூணு மணி நேரம் டேபிள்ல வெச்சிருந்தா குழாய்க்குள்ளயே செல்லுங்க சுரந்து நம்பர மாத்திடும். ஒரு கம்பெனி கிட்ல வர்ற நம்பரும் இன்னொரு கம்பெனி கிட்ல வர்றதும் ஒத்துப் போகாது. எல்லாத்துக்கும் மேல, வர்ற நம்பர வெச்சு உங்க வைத்தியத்துல எந்த முடிவும் மாறப் போறதில்ல. "போஸ்ட் கோவிட் பேக்கேஜ்"னு 20, 30 டெஸ்ட் சேத்து விக்கறதும் இதே கதைதான். நார்மல் ரேஞ்சுங்கறதே ஆரோக்கியமான 100 பேர்ல 95 பேர் அடங்கற மாதிரி போடற கோடு, அதனால ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா முழு ஆரோக்கியமான 100 பேர்ல 64 பேருக்கு ஏதாவது ஒண்ணு கோட்டுக்கு வெளில போகும், வெறும் கணக்குப்படியே. அந்த ஒண்ணுக்கு பின்னாடி ஓடி ஸ்கேன், அதுல வந்த இன்னொண்ணுக்கு பின்னாடி ஓடி வேற ஸ்கேன்னு பணமும் நிம்மதியும் போனவங்கள நான் பாத்துட்டேதான் இருக்கேன்.

ஸ்டீராய்டு விஷயத்துல நான் மருந்து எழுதற ஆள் இல்லைன்னாலும் ஒண்ணு சொல்லலாம், 6.8 சிஆர்பிய காரணம் காட்டி ஸ்டீராய்டு குடுக்க எந்த ஆதாரமும் இல்ல. போட்டா சிஆர்பி குறையும், சந்தேகமே இல்ல, முதல் வாரம் உடம்பு சுறுசுறுப்பா கூட இருக்கும், அது ஸ்டீராய்டோட இயல்பு, வியாதி குணமானதுக்கு அடையாளம் கிடையாது. பதிலுக்கு சர்க்கரை ஏறும், தூக்கம் போகும், எங்கயாவது காசநோய் ஒளிஞ்சிருந்தா அது கிளம்பிடும். இன்ஃப்ளமேஷன அடக்கினா லாங் கோவிட் சரியாகும்ங்கற யோசனையே தப்புன்னு சொல்லல, ஆனா சோதிச்சுப் பாத்த வரைக்கும் எதிர்பாத்த மாதிரி வரல. இந்தியாவுல பல ஆஸ்பத்திரிங்க சேர்ந்து கொல்கிசின்ங்கற அழற்சிய அடக்கற மருந்து குடுத்து பாத்த டிரையல் 2025ல வந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு 6 நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்க முடியுதுன்னு பாத்தா கொல்கிசின் எடுத்தவங்களுக்கும் வெத்து மாத்திரை எடுத்தவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. மூட்டு உண்மையிலேயே வீங்கியிருக்கு, நுரையீரல்ல குறிப்பிட்ட வகை அழற்சி ஸ்கேன்ல தெரியுதுன்னா ஸ்டீராய்டுக்கு இடம் இருக்கலாம், அது வேற பேச்சு, உங்க ரிப்போர்ட்ல அது எதுவும் இல்ல. வாங்கி வெச்ச மாத்திரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுதினவர்கிட்டயே "எந்த வியாதிக்கு இது"ன்னு நேரா கேளுங்க, பதில் "சிஆர்பி கூட இருக்கு"ன்னு மட்டும் வந்தா இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க.

உங்க அறிகுறிலயே லேப்ப விட உபயோகமான தடயம் ரெண்டு இருக்கு, ஆச்சரியமா யாரும் அதைத் தொடல. எழுந்து நின்னா படபடப்புன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு செலவே இல்லாத ஒரு பரிசோதனை இருக்கு: 10 நிமிஷம் படுத்திருந்துட்டு நாடித்துடிப்பும் பிபியும் பாக்கறது, அப்புறம் எழுந்து சுவத்துல சாஞ்சு நின்னு 10 நிமிஷம் வரைக்கும் நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்கறது. பிபி பெருசா இறங்காம துடிப்பு மட்டும் 30க்கு மேல கூடி அப்படியே நின்னா பாட்ஸ்னு சொல்ற பிரச்சனையா இருக்கலாம், வைரஸ் தொற்றுக்கு அப்புறம் இது வர்றது நல்லாவே தெரிஞ்ச விஷயம், அதுக்குன்னு வைத்தியமும் இருக்கு, சிஆர்பில இது தெரியவே தெரியாது. மயக்கம் வரலாம், தனியா செய்யாதீங்க, பக்கத்துல ஒருத்தர் இருக்கட்டும், முடிஞ்சா கிளினிக்லயே செய்யச் சொல்லுங்க. இரும்புக் குறைபாடும் துடிப்ப ஏத்தும்ங்கறதால இரும்ப சரிபண்ணிட்டு இன்னொரு தடவை பாத்தாதான் எது எதுன்னு தெளிவாகும். ரெண்டாவது, உழைச்சதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு விழறது. இது இருக்கறவங்கள "தினமும் கொஞ்சம் கொஞ்சமா உடற்பயிற்சிய கூட்டு"ன்னு தள்ளினா மோசமாகுது, எவ்வளவு செஞ்சா விழறீங்கன்னு குறிச்சு வெச்சு அதுக்கு கீழயே நிக்கறதுதான் இப்போதைக்கு உருப்படியான வழி. முதல் டாக்டர்கிட்ட "களைப்பா இருக்கு"ன்னு மட்டும் சொல்லியிருந்தா இத சொல்லியிருக்க மாட்டீங்க, அடுத்த தடவை இந்த மறுநாள் கதைய முதல்ல சொல்லுங்க.

எப்ப மார்க்கர சீரியஸா எடுத்துக்கணும்னா, சிஆர்பி 10க்கு மேல போய் ரெண்டு மூணு தடவை எடுத்தும் இறங்காம இருந்தாலோ ஒவ்வொரு தடவையும் ஏறிட்டே போனாலோ, அதோட எடை குறையறது, ராத்திரி வேர்த்து நனையறது, விட்டு விட்டு காய்ச்சல், மலத்துல ரத்தம், மூட்டு வீக்கம் இதுல ஏதாவது சேர்ந்தாலோ "லாங் கோவிட்தான்"னு சமாதானம் ஆகாம தேடணும், காசநோய், ஆட்டோ இம்யூன் வியாதி, குடல் வியாதி, புற்றுநோய் எல்லாத்தையும். உங்க வீட்டுல 50 வயசு தாண்டின யாருக்காவது புதுசா தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலிச்சு, இஎஸ்ஆரும் ஏகத்துக்கு ஏறியிருந்தா அது அன்னைக்கே பாக்க வேண்டிய சமாச்சாரம், பார்வையே போகலாம். உங்களுக்கே திடீர்னு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கறதுன்னு வந்தா பழைய டி-டைமர் நார்மல்னு நம்பி உக்காந்திருக்காதீங்க, அது அன்னைக்கு நிலவரத்த மட்டும் சொன்ன டெஸ்ட்.

அடுத்து என்ன எடுக்கணும்னு கேட்டா என் லிஸ்ட் சின்னது. சிஆர்பிய 8ல இருந்து 12 வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை, அதே லேப்ல, ஜலதோஷமோ காய்ச்சலோ இல்லாத வாரமா பாத்து, முந்தின நாள் அலைச்சல் இல்லாம. தைராய்டு டிஎஸ்ஹெச், சர்க்கரை, பி12 இதுவரைக்கும் எடுக்கலைன்னா அதுவும் ஒரு தடவை. ஃபெரிட்டின இரும்பு ஆரம்பிச்சு 2, 3 மாசம் கழிச்சு ஹீமோகுளோபினோட சேத்து எடுங்க, அதுக்கு முன்னாடி எடுத்தா ஏறுதா இல்லையான்னு தெளிவா தெரியாது, அன்னைக்கும் சிஆர்பி கூடவே இருந்தா அந்த ஃபெரிட்டின் நம்பர் நிஜத்த விட கூட காட்டுதுன்னு மனசுல வெச்சுக்கிட்டு படிக்கச் சொல்லுங்க. டி-டைமரும் இஎஸ்ஆரும் புதுசா அறிகுறி வந்தா ஒழிய திரும்ப வேணாம்.